டிவியில் வட்டம் சுற்றும் நேரம்

எங்கள் தொழிலில் போன் அடித்தாலே எங்கோ எதுவோ நின்றுவிட்டது என்று அர்த்தம். "எல்லாம் நல்லா ஓடுதும்மா, சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அழைத்ததில்லை.

போடியில் நானும் வயரிங் வேலை பார்க்கும் வீரணன் அண்ணனும் சேர்ந்து வீடுகளுக்கு மீடியா சர்வர் மாட்டிக் கொடுக்கிறோம். பெயர்தான் பெரிது. விஷயம் இவ்வளவுதான்: வீட்டின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பொட்டி இருக்கும். உள்ளே ஹார்டு டிஸ்க். கல்யாண வீடியோ, காதுகுத்துப் போட்டோ, பிள்ளைகள் பார்க்கிற படம் எல்லாம் அதில் கிடக்கும். ஹால் டிவியில் பார்க்கலாம்; அடுப்படியில் நின்றுகொண்டு போனிலும் பார்க்கலாம். ஒரு ரூட்டர், கொஞ்சம் கேபிள், மூன்று மணி நேர வேலை. அந்த மூன்று மணி நேரமும் டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் டிவியைப் பார்க்க மாட்டார்கள், என் முதுகைப் பார்ப்பார்கள். ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, கண்ணை மூடி மனசுக்குள் சாமி கும்பிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். கேளுங்கள்.

மாடியில் ஒன்று, கீழே ஒன்று

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் வீடு. மகளுக்குக் கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் முதல்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்ப்பதாகத் திட்டம். முந்தின நாளே எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டிக் காட்டி, பெரியவர் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மதியம் இலை எடுக்கிற நேரத்தில் போன். "வெரசா வாம்மா. டிவி அந்தப் பொட்டியக் காணோங்குது."

போனேன். ஹாலில் பதினாலு பேர். சம்பந்தி நடுச் சோபாவில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பொட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, என் போனில் வீடியோ தெரிகிறது, டிவியில் மட்டும் வட்டம். கேபிளைக் கழற்றினேன், மாட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் டிவி எந்த வைஃபையில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. அந்த வீட்டில் இரண்டு இணைப்பு. கீழே பெரியவருடையது, மாடியில் அவர் தம்பியுடையது. காலையில் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று டிவியை மாடி இணைப்பில் சேர்த்துவிட்டது. பொட்டியோ கீழ் இணைப்பில் இருக்கிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. "இதான்யா விஷயம்! மாடியில ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு இந்த வீட்டுல ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்புறம் எப்படி ஓடும்?"

பாயசம் கொண்டுவந்த தம்பி மனைவி அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தியின் கையில் வெற்றிலை பாதி மடிப்பில் நின்றது. அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதும், சம்பந்திக்குத் தெரியக்கூடாது என்று அன்றைக்கு மட்டும் தம்பி குடும்பம் கீழே இறங்கி வந்திருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? வீடியோ ஓடியது. தாலி கட்டும் இடம் வந்தபோதுகூட யாரும் அதைப் பார்க்கவில்லை. பெரியவர் கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்து, மெல்லிய குரலில் சொன்னார்: "நீ நெட்டைத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியுது தாயி, சம்பந்திக்கு நான் எதைச் சொல்லிப் புரியவைப்பேன்?"

சிலமலையிலிருந்து ஐந்து அழைப்புகள்

சிலமலையில் ஒரு விவசாயி. காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தால்தான் அவருக்குப் பொழுது போன மாதிரி இருக்கும். அவர் சேர்த்து வைத்திருந்த படங்களையெல்லாம் பொட்டியில் ஏற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து சிலமலையில் எப்போது கரண்டு போனாலும் எனக்குத் தெரிந்துவிடும். கரண்டு திரும்பி வந்த ஐந்தாவது நிமிஷம் அவர் போன் வரும். "யம்மா, பொட்டி தொலைஞ்சுபோச்சு." போனிலேயே அதை அணை, இதைப் போடு என்று சொல்லி எப்படியோ ஓட்டிவிடுவேன். அந்த மாதத்தில் என் வீட்டு விளக்கு லேசாகக் கண் சிமிட்டினாலே கை தானாகப் போனைத் தேடியது. ஐந்தாவது தடவை நேரிலேயே போனேன். போய்ப் பார்த்தால் தப்பு என்னுடையது. கரண்டு போய் வரும்போதெல்லாம் ரூட்டர் அந்தப் பொட்டிக்குப் புதிதாக ஒரு நம்பர் கொடுக்கிறது. டிவி பழைய நம்பரிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. ஒரே நம்பரை நிரந்தரமாகப் போட்டு வைக்க வேண்டும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய இரண்டு நிமிஷ வேலை, மறந்துவிட்டேன். மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "இதை மொத நாளே போட்டிருந்தா, நான் உன்னைய அஞ்சு தடவை மனசுக்குள்ள வஞ்சிருக்க மாட்டேன்ல?"

ஹாலில் தெரிந்த கால்

இது ஒரு டீச்சரம்மா வீடு. ஒரே மகன், சென்னையில் வேலை. பெயர் பிரபு என்று வைத்துக்கொள்வோம். சர்வர் வேண்டும் என்று கேட்டு என்னை அழைத்ததே அவன்தான். "அம்மா என்னைய நெனச்சுக்கிட்டே இருக்காங்கக்கா. நான் இங்க போட்டோ எடுத்தா அங்க ஹால் டிவியில தெரியணும்" என்றான். நேரில் வந்து பேசலாமே என்றதற்கு லீவு இல்லை என்றான். எடுக்கிற படமெல்லாம் தானாக இங்கே வந்துசேர அவன் போனில் ஓர் ஆப்பைப் போடச் சொல்லி, இங்கே டீச்சரம்மா வீட்டில் பொட்டியை மாட்டி, ஒரு வழியாக எல்லாம் சேர்ந்தது. "டீச்சர், நீங்க டிவியை அப்படியே விட்டுட்டா புதுப் போட்டோவா ஒண்ணொண்ணா வரும் பாருங்க" என்று சொல்லி சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டு வந்தது. அடுத்து ஒரு ஜன்னல். அடுத்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால். கட்டின் மேல் யாரோ ஸ்கெட்ச் பேனாவில் பூ வரைந்திருந்தார்கள். "யாரு காலும்மா இது?" என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது: ஆஸ்பத்திரிக் கட்டில், அதில் சிரித்துக்கொண்டே பிரபு. ரிமோட்டை எடுத்தேன். அவசரத்தில் நிறுத்துகிற பட்டனுக்குப் பதிலாக வேறு எதையோ அமுக்க, அவன் முகம் டிவி முழுக்கப் பெரிதாகி அப்படியே நின்றது. டீச்சர் அழவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "எங்கப்பா இருக்க?" "ஆபீஸ்லம்மா, சோலியா இருக்கேன்." "அப்படியா. கொஞ்சம் எந்திரிச்சு நில்லு பாப்போம்."

போனை வைத்த கையோடு பையில் துணியை அடுக்கி டீச்சர் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். பைக்கிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்ததும், அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு என்பதால் நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து மறைத்ததும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கால் சேர்ந்துவிட்டது; டீச்சர் இரண்டு மாதம் அங்கேயே இருந்து நடக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பிரபு எனக்கு போன் பண்ணிச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "எட்டுப் பேரு சேர்ந்து மூணு வாரமா காப்பாத்துன பொய்க்கா, உங்கள பொட்டிய மாட்டச் சொன்னா என்னைய மாட்டிவிட்டுட்டீங்களே!"

ஆள் வந்தால் சரியாகிவிடும் நோய்

நாம் போனால் ஒழுங்காக ஓடும், நம்ம தலை மறைந்ததும் நின்றுவிடும். இதைவிடக் கொடிய பழுது எங்கள் தொழிலில் கிடையாது. போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் மேனேஜர் வீடு. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற மனிதர். மலையில் ஈரம் அதிகம், துணி காயாது, செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கும். பழைய டிவி ஒன்று ஈரத்திலேயே போனதால், "ஈரம் படாத ஒணக்கையான இடமாப் பார்த்து நானே வச்சுக்கிறேன்" என்று பொட்டியை ஓர் அலமாரியில் வைத்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் அது தானாக அணைந்துவிடுகிறது என்று புகார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு இரண்டு தடவை மேலே போனேன். இரண்டு தடவையும் பொட்டி அருமையாக ஓடியது. டிஸ்க்கை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். கீழே இறங்கிய மறுநாளே போன் வந்தது. மேனேஜர் இப்போது என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதை அவர் குரலிலேயே கேட்க முடிந்தது.

மூன்றாவது தடவை போனபோது பொட்டி அணைந்து கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மேனேஜர் மனைவி பயந்தே போனார். அலமாரிக்குள் கையை விட்டேன். பொட்டி சுட்டது. சரி என்று பின்னாலிருந்த சுவரைத் தொட்டால், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி அதுவும் சுட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோர். காய் உள்ளே ஏறுகிற நாளெல்லாம் அங்கே சூடு போடுவார்கள்; சுவர் கொதிக்கும்; பொட்டி மயங்கிவிடும். நான் போன இரண்டு நாளும் காய் எடுக்காத நாள். விளக்கிச் சொன்னதும் மேனேஜர் பொட்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டின் நடுவில் நின்றார். "ஈரத்துக்குப் பயந்து சூட்டுல வச்சேன், இனி சூட்டுக்குப் பயந்து ஈரத்துல வைக்கணுமோ மோளே? எங்க வைக்கிறதுன்னு நீயே பறயு."

ஒரே மாதிரி இரண்டு

கடைசியாகச் சொல்வதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை.

அதே மலைச்சரிவில், ஜீப்பு ஓட்டுகிற பாண்டியின் வீடு. மனைவி செல்வி, மகள் யாழினி. யாழினிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து கருவி வைத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்காக செல்வி அவளைத் தூக்கிக்கொண்டு வாரம் தவறாமல் மதுரைக்கு பஸ்சு ஏறினாள். தினமும் பேச வைத்து வீடியோ எடுங்கள் என்று பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நாலு வருஷ வீடியோ. எல்லாம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில். "இது ஒண்ணு கெட்டா எல்லாம் போச்சு. இன்னொண்ணுலயும் இருக்கிற மாதிரி செஞ்சு குடுங்கக்கா, டிவியில போட்டு அவளுக்கே காட்டணும்" என்று செல்வி கேட்டாள். நானும் புது டிஸ்க் ஒன்று கொண்டுபோனேன். பழையதும் புதியதும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. திரையில் இரண்டுக்கும் ஒரே பெயர். புதியதைத் துடைத்துத் தயார் செய்ய வேண்டும். செல்வி பால் ஊற்றாத கட்டன் சாயா கொண்டுவந்து நீட்டினாள். இடது கையால் வாங்கிக்கொண்டே வலது கையால் அமுக்கினேன். நாலு நொடியில் துடைத்துவிட்டது. திரையைப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்கும் காலி என்று காட்டியது. நான் துடைத்தது பழையதை.

ஒயரைப் பிடுங்கினேன், அதற்கு மேல் அதில் ஒரு துளி எழுதினாலும் மிச்சமும் போய்விடும். சாயாவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். 'டிஸ்க் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்துச்சும்மா' என்று சொன்னால் இந்த வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாக்கியம் முழுசாக வாய்க்குள் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை என்று இப்போது பெருமையடிக்க நான் தயாரில்லை. கூரையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த வீரணன் அண்ணன் ஏணியிலிருந்து என் முகத்தைப் பார்த்தார். கீழே இறங்கி வந்து கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். நானே உள்ளே போய்ச் சொன்னேன். செல்வி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மொத வார்த்தையுமாக்கா?" என்று கேட்டாள். முதல் வார்த்தை 'வா'. சாயங்காலம் திரும்பி வருகிற ஜீப்பைப் பார்த்து யாழினி சொன்னது.

டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கினேன். துடைத்தாலும் உள்ளே இருப்பது உடனே அழியாது, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். தேடி எடுக்க வழி உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தது தைரியம் தரவில்லை. போடியில் என் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டித் தேட விட்டேன். இரண்டு நாள் ஓடியது. திரையில் நூற்றுக்கு இத்தனை என்று ஊர்ந்துகொண்டிருந்த நம்பரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பாண்டியின் ஜீப்பு தினமும் காலையும் மாலையும் என் கடையைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைப்பார். உள்ளே பார்ப்பார். எதுவும் கேட்காமல் போய்விடுவார். அவர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் முக்கால்வாசிக்கு மேல் கிடைத்துவிட்டது. ஆனால் பெயர் இல்லை, தேதி இல்லை. போனிலிருந்து போனுக்கு அனுப்பி அனுப்பிச் சேர்த்த வீடியோக்கள் என்பதால் உள்ளேயும் தேதி கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் நம்பர். நாலாம் வருஷம் முன்னால், முதல் வருஷம் நடுவில். ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொண்ட கதையைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டிருந்தேன். இதை எந்த முகத்தோடு கொடுப்பது என்று கூசிக்கொண்டே மேலே போய், அந்த வீட்டு டிவியில் போட்டேன். செல்வி தரையில் உட்கார்ந்தாள். முதல் வீடியோ ஐந்து நொடிகூட ஓடவில்லை. "நிறுத்துங்கக்கா. இது ரெண்டாவது வருஷம். 'ர' வராம 'ல'ன்னு சொல்லிக்கிட்டிருந்தா." அடுத்தது. "இது பஸ்சுல வாந்தியெடுத்த வாரம், தொண்ட கட்டியிருக்கு பாருங்க." அடுத்தது. "இது 'தண்ணி'ன்னு முழுசா சொன்னதுக்கு மறுநா." அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக் கேட்க நான் பெயர் போட்டுக்கொண்டே வந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படி உட்கார்ந்தோம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு நம்பரைத் திறந்தபோது, ஜீப்பு உறுமுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் 'வா' என்றது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற பாண்டி உள்ளே வராமல் அங்கேயே திண்டாடிக்கொண்டிருந்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ரூட்டரைப் பார்த்தேன்.

வீடியோ இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது. அவர்களைக் கேட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒரு பிரதி என் கடையிலும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாழினி தன் வீட்டுப்பாட நோட்டை மூடிவிட்டு டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். எட்டு வயது, இப்போது அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தன் பழைய குரலை இன்னும் இரண்டு வீடியோவில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாகச் சொன்னாள்: "அய்யே, நான் இப்படியா பேசினேன்? வெளிய யாருக்கும் தெரியறதுக்குள்ள மறுபடியும் அழிச்சிருங்கக்கா."

ஆக, நான் எல்லா வீட்டிலும் மாட்டுவது ஒரே மாதிரிப் பொட்டிதான். அதை மாட்டிவிட்டு வாசல் இறங்கும்போது அடிக்கிற நெஞ்சு மட்டும்தான் வீட்டுக்கு வீடு புது மாதிரி அடிக்கிறது.